வேலோடு ஒரு தீர்த்தம்

1

“...நீந்தவே தெரியாதெண்டா, அப்ப கீரிமலையிலை நீந்தினது ஆர்?”

கேட்டவள் என் மகள் ஆரணி. கேட்ட இடம் பசிபிக் சமுத்திரத்தின் நடு. அவள் கழுத்தளவு தண்ணீரில் மிதந்தபடி, படகின் ஏணியை ஒரு கையால் பிடித்திருந்தாள். நான் படகுக்குள் இருந்தேன். ‘இருந்தேன்’ என்பது மரியாதைக்கு. இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் போட்ட இடத்தில் கிடந்தேன். மூக்காலும் வாயாலும் உப்புத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ஆரணி லண்டனில் பிறந்தவள். தமிழ் நன்றாக விளங்கும், பேசுவது ஆங்கிலம். ‘அப்பா’, ‘அம்மா’ மட்டும் தமிழில் வரும். ஆனால் கோபம் உச்சிக்கு ஏறினால் ஒரு முழு வசனம் சுத்த யாழ்ப்பாணத் தமிழில் இறங்கும். அது தாய்வழிச் சீதனம். இருபத்தேழு வருடத்தில் அப்படி நாலைந்து வசனம்தான் கேட்டிருக்கிறேன். இது அவற்றில் ஒன்று என்பதால் விஷயம் பெரிது என்று உடனே விளங்கிவிட்டது. (மற்றபடி இங்கே அவள் பேசுவதெல்லாம் என் மொழிபெயர்ப்பு. பிழை இருந்தால் பிள்ளையைக் குறைசொல்ல வேண்டாம்.)

அவளுக்குப் பதில் சொல்ல முன்னர் உங்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்து பூட்டும் அறுபத்தொரு வயது மனிதன், சனிக்கிழமை காலையில் சாரத்தைக் கட்டிக்கொண்டு இடியப்பம் தின்ன வேண்டியவன், இறுக்கமான ரப்பர் உடுப்போடு அங்கே ஏன் போய்க் கிடந்தான்?

2

எங்களுக்குக் கலியாணமாகி முப்பது வருடம் நிறைந்தது. அதே மாதம் சிட்னியில் என் தம்பியின் மகளுக்குக் கலியாணம். ‘அவ்வளவு தூரம் போகிறோம், அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போனால் டொங்காத் தீவுகள். அங்கே திமிங்கிலத்தோடு நீந்தலாம். அது என்னுடைய பரிசு’ என்று ஆரணி சொன்னாள். அவள் இப்போது பிரிஸ்டலில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். சாப்பிட்டியளா, பிரஷர் குளிசை போட்டியளா, லவ் யூ, பாய். நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பிள்ளை ஒரு கிழமை, ஏழு நாளும், எங்களோடு இருக்கப்போகிறாள் என்றால், திமிங்கிலம் என்ன, முதலையோடு நீந்தவும் நான் ‘ஓம்’ சொல்லியிருப்பேன்.

என் மனைவி வசந்தியின் தங்கை, எங்களுக்குப் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் இருக்கிறாள். அவளுக்குச் செய்தி சொல்லப் போன் எடுத்தேன். இங்கே வந்த நாளிலிருந்து நாங்கள் தமிழுக்குள் ஆங்கிலத்தைத் தூவிப் பேசிப் பழகியவர்கள்.

“மச்சாள், டொங்காவுக்கு வேல் பாக்கப் போறம்.”

“அங்கையும் முருகன் கோயில் இருக்கோ அத்தான்? எங்கடை சனம் போகாத இடமில்லை!”

“சும்மா பாக்கிறதில்லை. வேலோடை தண்ணியிலை இறங்கப் போறம்.”

“ஐயோ, தீர்த்தத் திருவிழாவோ! குடுத்து வைச்சனீங்கள். அத்தான், எங்கடை வீட்டு அஞ்சு பேருக்கும் ஒரு அர்ச்சனை செய்து விடுங்கோ. பேர் நட்சத்திரம் வாட்ஸ்அப்பிலை போட்டு விடுறன். மச்சம் மாமிசம் தின்னாமல் போங்கோ.”

‘வேல்’ என்றால் ஆங்கிலத்தில் திமிங்கிலம் என்று நான் விளக்கிச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் எடுத்தது. பிறகு சொன்னாள்: “உங்களுக்கென்ன விசரே? கடவுளோடை இறங்கினாலும் பரவாயில்லை.” ஆனாலும் பேர் நட்சத்திரம் வந்து சேர்ந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அனுப்பியிருப்பாள்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இப்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அதற்காகவே கடைசிவரை பொறுமை காப்பீர்கள். திமிங்கிலத்தைக் கண்டேன். கண்ணால், தண்ணீருக்குள், கண்டேன். தாய் கீழே நீலத்துக்குள் கறுப்பாகக் கிடந்தது. ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கும் இரட்டைத் தட்டு பஸ்ஸைவிட நீளம். அதன் வயிற்றடியிலிருந்து குட்டி மெல்லக் கிளம்பி மேலே வந்து, மூச்செடுத்து, திரும்பும்போது ஒரு பக்கம் சரிந்து எங்களைப் பார்த்தது. அந்தக் கண்ணைப் பற்றி எழுத எத்தனையோ தரம் முயன்றேன். பெரியவர்களின் பேச்சுக்குள் வந்து நிற்கும் சின்னப் பிள்ளை பார்ப்பதுபோல இருந்தது என்பதற்கு மேல் எனக்குத் தமிழ் வரவில்லை.

அது இரண்டாவது முறை. என் வண்டவாளம் எல்லாம் முதலாவது முறையில்தான்.

3

யாழ்ப்பாணத்தான் என்றால் நீந்தத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை உலகத்தில் உண்டு. சுற்றிவரக் கடல்தானே. நான் உரும்பிராய். எங்களுக்குக் கடல் என்றால் சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் கூவும் சத்தம். மற்றபடி செம்மண், வாழை, வெங்காயம், கிணறு. கிணற்றில் அள்ளித் தலையில் ஊற்றுவோம், அவ்வளவுதான். கீரிமலைக்கு ஆடி அமாவாசைக்குப் போவோம். கடலை ஒட்டி நன்னீர் ஊறும் கேணி, கல் படி கட்டியது. மூன்றாம் படிக்குக் கீழே நான் இறங்கியதில்லை.

ஆரணிக்கு ஆறு வயதில் பள்ளிக்கூடத்து நீச்சல் வகுப்பு. ஈஸ்ட் ஹாம் நீச்சல் குளத்தில் மற்றப் பிள்ளைகள் தவளைக் குஞ்சுகளைப்போல நீந்த, இவள் மட்டும் கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதாள். நான் கரையிலே குளிர்கால ஜக்கெட்டோடு நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல் குனிந்து, “பிள்ளை, அப்பா கீரிமலையிலை இந்தக் கரையிலையிருந்து அந்தக் கரைக்கு நீந்தினனான். அப்பான்ரை மகளுக்கு இது பெரிய வேலையோ?” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கம்பியை விட்டாள்.

அந்தப் பொய் அன்றோடு செத்திருக்க வேண்டும். பிள்ளை நீச்சலுடுப்பில் தைக்க ஒவ்வொரு பட்ஜ் வாங்கி வரும்போதும் அதற்குத் தீனி போட்டது நான்தான். இருபத்தைந்து மீட்டருக்கு அவள் பட்ஜ் வாங்கியபோது நான் கேணியை நாலு தரம் கடந்தவனானேன். நூறு மீட்டர் நீந்தியபோது கேணியை விட்டுக் கடலுக்குள் போனேன். பதினொரு வயதில் அவள் உயிர்காக்கும் பயிற்சியில் சேர்ந்தபோது ஒரு ஆமையும் என்னோடு வந்து சேர்ந்துவிட்டது. ‘என் அப்பாவும் ஆமையும்’ என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினாள். ஆசிரியை என்னை வாசலில் கண்டு கைகுலுக்கினார். நானும் குலுக்கினேன்.

வசந்திக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைக் கண்டிருப்பீர்கள். அவனுக்குப் பக்கத்திலிருந்து பேசாமல் சோறு போட்டுக்கொடுத்தவள் அவள்.

ஆரணி இன்றைக்கு நீருக்குள் மீன். பிரிஸ்டலில் சனிக்கிழமைகளில் தண்ணீருக்குப் பயந்த பெரியவர்களுக்கு இலவசமாக நீச்சல் சொல்லிக் கொடுக்கிறாள். வகுப்பு தொடங்கும்போது அவர்களுக்கு என் கதையைத்தான் சொல்வாளாம். ‘என் அப்பாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் அவர்...’ என்று தொடங்குமாம். அவள் என்னிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்லிக்கொள்வது இந்த ஒன்றைத்தான். கம்ப்யூட்டரில், காரில், வங்கி விஷயத்தில், ஆங்கில உச்சரிப்பில் எல்லாம் அவள் எனக்கு வாத்தியார். தண்ணீரில் மட்டும் நான் பெரிய ஆள். அதுவும் போனால் என்னிடம் என்ன மிஞ்சும்? ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிடம்.

4

பரிசோடு கூடவே நிரப்பிக் கொடுக்க ஒரு ஃபோமும் வந்தது. ‘ஆழ்கடலில் எந்த உதவியும் இல்லாமல் இருநூறு மீட்டர் நீந்துவீர்களா? ஆம், இல்லை.’

லண்டனுக்கு வந்த புதிதில் எங்களுக்கு ஃபோம் நிரப்பித் தந்த ஒரு அண்ணை இருந்தார். மொழிபெயர்ப்பாளர், நல்ல மனிதர். அவர் சொல்வார்: “தம்பி, வெறும் பெட்டி விடாதை. வெறும் பெட்டியைக் கண்டால் ஒஃபிசருக்குப் பசிக்கும்.” இன்னொன்றும் சொல்வார்: “‘இல்லை’க்குக் கீழை எப்பவும் ‘ஏன்’ எண்டு ஒரு கேள்வி கிடக்கும். ‘ஓம்’க்குக் கீழை ஒண்டும் கிடவாது.” இந்த இரண்டு மந்திரத்தோடும்தான் நான் இந்த நாட்டில் முப்பத்துநாலு வருடம் ஓட்டியிருக்கிறேன். கவுன்சில், பெனிபிட், பாஸ்போர்ட், வேலை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியுமா? ஓம். ஸ்பானிய மொழி? கொஞ்சம். எங்களில் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். ‘ஓம்’ என்று போட்டுவிட்டுப் பிறகு பழகிக்கொண்டவர்களால்தான் பாதி லண்டன் ஓடுகிறது.

ஆம் என்பதில் புள்ளடி போட்டேன். அடுத்த கேள்வி பிரஷர். குளிசை போட்டால் பிரஷர் இல்லைத்தானே. இல்லை என்று போட்டேன். அங்கே அதற்கு ‘ஏன்’ கேட்கவில்லை.

வசந்தி அதே ஃபோமில் ‘இல்லை’ என்று போட்டாள். “நான் படகிலை இருந்து பாப்பன். எனக்கென்ன வெக்கம்?” என்றாள். என்னுடைய புள்ளடியை எட்டிப் பார்த்தாள். “இஞ்சேருங்கோ, அந்த இங்கிலீசுக் கேள்வி நீந்திறதைப் பற்றித்தான் கேக்குது, விளங்குதுதானே?” என்று மட்டும் கேட்டாள்.

5

இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஈஸ்ட் ஹாம் குளத்துக்குப் போனால் தெரிந்த சனம் காணும், செய்தி பிரிஸ்டலுக்குப் போய்விடும். ஆகவே பார்க்கிங்கில் (மச்சாள் குளத்துப் பக்கமே போகமாட்டாள்), வயதுவந்த தொடக்கநிலையினர் வகுப்பு. நான், ஒரு கானா நாட்டு அம்மா, எண்பது வயது வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர். கானா அம்மா மூன்றாம் கிழமை குளத்தின் நீளத்தை முடித்தார். தாத்தா ஐந்தாம் கிழமை. நான் பத்தாம் கிழமையும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விட்டுக்கொண்டிருந்தேன். சொல்லித்தந்த பெண் மிக நல்லவள். “பிரில்லியன்ட் குமிழி” என்று பாராட்டினாள். உடம்பை மிதக்க விடும்படி சொல்வாள். முப்பத்துநாலு வருடம் எதையாவது பிடித்துக்கொண்டே இருந்தவனிடம் எல்லாவற்றையும் விட்டுவிடு என்றால் அவன் எப்படி விடுவான்?

வீட்டில் யூடியூப்பில் பாடம் பார்த்தேன். கட்டிலில் குப்புறப் படுத்துக் கால் அடித்துப் பழகினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பார்கள். கட்டில் நீச்சல் கட்டிலுக்கே உதவவில்லை, சட்டம் ஒன்று உடைந்தது.

“வேலைக்குப் போற ஆள் ஏன் ஈரத் துவாயோடை வாறியள்?” என்று ஒருநாள் வசந்தி கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது. “பிள்ளையிட்டைச் சொல்லிப் போடுங்கோ. இப்ப சொன்னால் ஒரு நாள் கோவம். அங்கை போய்த் தெரிஞ்சால்...” என்று நிறுத்தினாள்.

ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல வாயெடுத்தேன். நாலு நிமிடத்தில் சாப்பாடும் குளிசையும் போக மிச்ச நேரம் ஒரு இருபத்தொரு வருடப் பொய்க்குக் காணாது.

6

டொங்காவில் கடல் நல்ல அமைதி. எங்கள் வழிகாட்டியின் பெயர் சியோனே. ஆள் ஒரு தேர்ச் சில்லு அளவு. ஒரு தடவைக்கு நாலு பேர்தான் தண்ணீரில் இறங்கலாம், சத்தம் போடக்கூடாது, தண்ணீரை அடிக்கக்கூடாது, தாய் எழும்பிப் போனால் துரத்தக்கூடாது என்று சொன்னார். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி ஈனவும் பால் கொடுக்கவும் அந்த வெதுவெதுப்பான கடலுக்கு வருகின்றன. “பிள்ளைப்பேறு பார்க்கப் போகிற வீடு. அப்படியே நடந்துகொள்ளுங்கள்” என்றார். எனக்கு அந்த மனிதனை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

தாயும் குட்டியும் தென்பட்டன. எங்கள் முறை. ஆரணி, நான், ஒரு ஜெர்மன் தம்பதி. ஆரணி என் காதோடு சொன்னாள்: “அப்பா, உங்களோடு ஒருநாள் கடலில் நீந்த வேண்டும் என்று ஆறு வயதிலிருந்து ஆசை.” அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். “வா பிள்ளை” என்றேன்.

படகின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு இருந்தேன். சியோனே என்னைப் பார்த்து, “நூடில் வேணுமா?” என்று கேட்டார்.

“இல்லை, நன்றி. இப்போதுதான் காலைச் சாப்பாடு” என்றேன்.

படகே சிரித்தது. நூடில் என்றால் பிடித்துக்கொண்டு மிதக்கும் நீளமான ஸ்பொஞ்சுக் குழாயாம். எனக்கு அது தெரியாது. அவர்களோ இந்த மனிதன் கடல் விளிம்பில் இருந்துகொண்டு பகிடி விடுகிறான், பயமே இல்லாத ஆள் என்று எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மன்காரர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். சியோனே குழாயைத் திரும்ப உள்ளே போட்டார். என்னைக் காப்பாற்ற வந்த பொருளை நானே பகிடி பண்ணி அனுப்பிவைத்தேன்.

வழுக்கி இறங்கினேன். காலுக்குக் கீழே தரை இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று படித்திருக்கிறோம், ஆழம் தெரிந்தபிறகு காலை என்ன செய்வது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. முகக் கண்ணாடி முழுக்கப் புகை படிந்து ஒன்றும் தெரியவில்லை. மூச்சு விட வாயில் கவ்வியிருந்த குழாய்க்குள் தண்ணீர் வந்தது. பத்துக் கிழமை படித்த குமிழி எல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டது. “அம்மா!” என்று கத்திக்கொண்டு, வேதாளம் முருங்கை மரம் ஏறியதுபோல, எங்களோடு இறங்கிய சியோனேயின் கழுத்தில் ஏறினேன். கால் இரண்டும் தண்ணீரை அடித்த அடியில் டொங்கா முழுக்கக் கேட்டிருக்கும். பிள்ளைப்பெற்ற வீட்டில் மேளம் அடித்த மாதிரி.

தாய்த் திமிங்கிலம் ஒன்றும் சொல்லவில்லை. குட்டியைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு மெல்ல விலகிப் போனது. சியோனேயும் படகோட்டியும் சேர்ந்து என்னை உள்ளே போட்டார்கள்.

7

ஆரணி பதறிக்கொண்டு நீந்தி வந்தாள். ஏணியைப் பிடித்தபடி, “அப்பா, நெஞ்சு நோகுதா? தசை பிடித்துவிட்டதா?” என்று கேட்டாள். தசை பிடிப்பு! என்ன அருமையான சொல். ‘ஓம்’ என்றால் முடிந்தது. ‘ஓம்’க்குக் கீழே கேள்வி கிடையாது.

வசந்தி துவாயால் என் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை ஒரு கணம் நின்றது.

“இல்லைப் பிள்ளை,” என்றேன். “எனக்கு நீந்தத் தெரியாது. ஒருநாளும் தெரியாது.”

அப்போதுதான் அவள் கீரிமலையைக் கேட்டாள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொரு பதிலும் என் வாய்வரை வந்தது. ஊரைவிட்டு வரும்போது இருட்டில் வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடந்தோம். சூட்டுச் சத்தத்துக்குக் குனிந்து இருந்தோம். அது உண்மை. அதனால்தான் எனக்குத் தண்ணீர் பயம் என்று சொன்னால் பிள்ளை அந்த இடத்திலேயே உருகி, என்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள். ஆனால் அதற்குப் பத்து வருடம் முன்னமே நான் மூன்றாம் படியில் நின்றவன். எனக்கு நீந்தத் தெரியாததற்குச் சண்டை காரணமில்லை. பயந்தாங்கொள்ளித்தனமும் சோம்பலும்தான் காரணம். வள்ளத்தில் வந்தவர்களை எல்லாம் கொண்டுவந்து என்னுடைய பொய்க்கு முட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“கமலநாதன்,” என்றேன்.

“அது யார்?”

“என்ரை சிநேகிதன். அவன்தான் இந்தக் கரையிலையிருந்து அந்தக் கரைக்கு நீந்தினவன். நான் அவன்ரை சாரத்தையும் கை மணிக்கூட்டையும் பிடிச்சுக்கொண்டு படியிலை நிண்டனான்.”

“ஆமை?”

“ஆமை இல்லை.”

அவள் தாயைப் பார்த்தாள். வசந்தி துவாயைப் பிழிந்தாள். “என்னைப் பாக்காதை பிள்ளை. கொப்பாவுக்குத் தலையிலை ஒரு வாளி தண்ணி ஊத்தவே கண்ணை இறுக்கி மூட வேணும். நான் என்னெண்டு சொல்லுறது? நீ கம்பியை விட்டிட்டாய். பிறகு சொல்லியிருந்தால் திரும்பிப் பிடிச்சிருப்பாய்.”

ஆரணியின் முகத்தில் ஆறு வயதிலிருந்து இருபத்தேழு வரைக்கும் ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதப்படுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை வகுப்புக்கு இனி என்ன கதை சொல்வாள் என்று யோசித்தேன்.

“தாய் தூரம் போகவில்லை,” என்று சியோனே கையைக் காட்டினார். “திரும்பப் படுத்துவிட்டது. ஒரே ஒருமுறை இறங்கலாம். இப்போதே இறங்க வேண்டும்.” பிறகு என்னைப் பார்த்தார். மரியாதையான மனிதர். ஸ்பொஞ்சுக் குழாயை எடுத்துப் படகின் விளிம்பில் வைத்தார்.

“நீ போ பிள்ளை,” என்றேன். “நான் அம்மாவோடை இருந்து பாக்கிறன். எனக்கு இவ்வளவு காணும்.”

ஜெர்மன் தம்பதி ஏற்கெனவே நீந்தத் தொடங்கிவிட்டார்கள். ஆரணி அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏணியில் இரண்டு படி ஏறி வந்து கையை நீட்டினாள். என் முகக் கண்ணாடியைக் கேட்கிறாள் என்று விளங்கிக் கழற்றிக் கொடுத்தேன். உள்ளே இன்னும் புகை படிந்திருந்தது. அதை வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

“காலையில் சியோனே சொன்னபடி இதற்குள் துப்பினீர்களா, இல்லையா?”

எச்சில் பூசினால் கண்ணாடியில் புகை படியாதாம். நீந்துகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். எல்லாரும் துப்பினார்கள். முகத்தில் போடுகிற பொருளில் துப்புவதா என்று நான் மட்டும் வாயைத் துடைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். எங்கள் ஊரில் ஒருவனைப் பார்த்துத் துப்பினால், அவனோடு கதை முடிந்தது என்று அர்த்தம்.

“இல்லை,” என்றேன்.

ஆரணி தொண்டையைச் செருமி, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கண்ணாடிக்குள் நன்றாகத் துப்பினாள். பெருவிரலால் சுற்றித் தேய்த்தாள், கடலில் ஒருமுறை அலசினாள், என் முகத்தில் மாட்டி, பின்பட்டியை இழுத்து இறுக்கினாள்.